கிட்டாரின் தடித்த ஈ (E) கம்பியில் இரைச்சல்

கேள்வி: என் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிட்டாரில், தடித்த ஈ கம்பியை முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுகிறது. பிரிட்ஜில் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) கம்பியின் உயரத்தைக் கூட்டியும் அது மறையாதது ஏன்?

பதில் 1: கழுத்து தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கலாம்; அப்போது கம்பி அதிர இடமின்றி ஃப்ரெட்டுகளில் உரசும். சுருதி சேர்த்த நிலையில் அக்கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினேழாவதிலும் ஒருசேர அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள், ஏறத்தாழ 0.25 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையெனில் கழுத்துக்குள் அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்தி, சுருதியைச் சரிசெய்த பின்னரே மீண்டும் அளவெடுங்கள்.

பதில் 2: விரலையும் கவனியுங்கள். ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தாவிட்டால் நன்கு அமைத்த கிட்டாரும் இரையும். ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கேட்காத இரைச்சலை நான் பொருட்படுத்துவதில்லை.

கேட்டவர்: இடைவெளி இல்லவே இல்லை. கால் சுற்றிலேயே இரைச்சல் நின்றுவிட்டது, நன்றி.