இடிக்கப் போகும் விமானத்தளக் கூடம்: எப்படிப் பதிவுசெய்வது?

கேள்வி:
இங்கிலாந்தில், இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளம் ஒன்றில் மிஞ்சியிருக்கும் பொழுதுபோக்குக் கூடம் இது. விமானப்படையினர் படம் பார்த்ததும் ஆடிப்பாடியதும் இங்கேதான். மேடையும், புரொஜெக்டர் அறையின் சின்னச் சின்னத் துவாரங்களும் அப்படியே இருக்கின்றன. அடுத்த மாதம் இடிக்கிறார்கள். உரிமையாளர் இரண்டு நாள் உள்ளே போக அனுமதித்திருக்கிறார். சும்மா விட மனசு வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு சார்ந்த அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வழிகாட்டி, கட்டடப் பதிவுகளை எளியதிலிருந்து மிக விரிவானது வரை 4 நிலைகளாகப் பிரிக்கிறது. முழுசாக இடிபடும் கட்டடத்துக்கு 3ஆம் நிலையாவது வேண்டும் என்பேன். முதல் நாள் டேப் பிடித்துத் தரைப்படமும் குறுக்குவெட்டும் வரையுங்கள். அப்புறம் ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, அளவுக்கோலோடு படமெடுங்கள். சுவரின் கனத்தை அளக்க மறக்காதீர்கள். போர்க்காலத் தற்காலிகக் கட்டடங்களில் பெரும்பாலும் அரைச் செங்கல் சுவர்தான், சுமார் 11 செ.மீ.; இடையிடையே தூண்கள் தாங்கும்.

பதில் 2:
கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். உடைந்த துண்டைத் தொடவே வேண்டாம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள், பென்சில் கிறுக்கல்கள் தெரியும். எனக்கு அப்படித்தான் ஒரு கதவுக்குப் பின்னால் பெயர்களும் தேதிகளும் கிடைத்தன. சுண்ணாம்பு அடித்த சுவரில் அவ்வளவு மங்கலாக! அன்று வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சனிக்கிழமை டார்ச்சோடு போகிறேன். வரைபடங்களை, உள்ளூர்ப் பழைய கட்டடங்கள், தொல்லிடங்களின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மாவட்ட வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு அனுப்பிவிடுவேன்.