அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் தரைத்தள அறை தேவை

டிசம்பர் இரண்டாம் வாரம், 3 இரவு, 6 பேர், ஓசூரிலிருந்து கார். இருவருக்கு வயது 70க்கு மேல். படி ஏற முடியாது. தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். ஏரியோ காடோ ஒட்டி, சத்தமில்லாத இடமாக வேண்டும்.

ஒகேனக்கல் பார்த்தாயிற்று, வார இறுதிக் கூட்டம் தாங்காது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் கிடைத்தது மாடி அறை. ஒரு பண்ணை வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டு தேதியை மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் ராகி அறுவடை நேரம், யானைகள் காட்டைவிட்டு வயலுக்கு வரும். அதனால் அஞ்செட்டி–நாட்றாம்பாளையம் காட்டுச் சாலையில் இருட்டியபின் போகவேண்டிய இடம் சரிவராது. நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலி உள்ள தோட்டம் வேண்டவே வேண்டாம்; அந்த வேலியில்தான் யானைகள் சாகின்றன.

மாலை 5 மணிக்குள் போய்ச் சேரக்கூடிய, நீங்களே தங்கிப் பார்த்த இடம் எது?