மறுமொழி: இன்குளூஷனுக்கு ‘உளப்பாடு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவப் படிமத்துறைப் (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் துறை) பணியாளர் பற்றி நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் டைவர்சிட்டிக்கு, அதாவது பலதரப்பட்டவர்களும் இருப்பதற்கு, ‘பல்வகைமை’ என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. ‘பன்மை’ சின்னச் சொல், அழகும்கூட. ஆனால் ஒரே வார்ப்பில் பத்துப் பேர் இருந்தாலும் அது பன்மைதானே! இழுபறியெல்லாம் இன்குளூஷனில்தான், அதாவது யாரையும் வெளியே நிறுத்தாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கான சொல்லில். மடல்களில் நீங்கள் கேட்டவற்றை மேலே இட்டு, கீழே பதில் சொல்கிறேன்.

> ‘உள்ளடக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே?

உள்ளது, வேறு வேலையில். நூலுக்குள் இருப்பது உள்ளடக்கம், இணையப் பக்கத்தில் இருப்பதும் உள்ளடக்கம். போதாக்குறைக்கு அதிலுள்ள ‘அடக்கு’ என் காதில் உறுத்துகிறது.

> அப்படியானால் ‘உள்வாங்கல்’?

வேறு துறையில் பார்க்கலாம், இங்கே வேண்டாம். அணு மருத்துவத்தில் கதிரியக்க அயோடினைத் தைராய்டு எடுத்துக்கொள்வதை அப்படித்தான் எழுதுகிறோம். ‘பெண்களின் உள்வாங்கல் கூடியுள்ளது’ என்று அறிக்கையில் வந்தால், படிப்பவர் எந்தச் சுரப்பி என்று தேடுவார்.

> ‘அரவணைப்பு’ மனத்துக்கு நெருக்கமாக இல்லையா அம்மா?

நெருக்கம்தான் ஐயா. ஆனால் அதில் அணைப்பவர் ஒருவர், அணைக்கப்படுபவர் இன்னொருவர். எக்ஸ்ரே எடுக்கும் பணியாளரான ரேடியோகிராபர் ஒருவர் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தை அறிவித்த பின் மீதிக் காலத்தில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சு அளவின் அலகு) தாண்டக் கூடாது என்கிறது சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம். அதற்காகக் கதிர்வீச்சு வேலையை அடியோடு விட வேண்டியதில்லை என்றும் 2000இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. எந்த அறை, எந்த முறை நேரம் என்று அவரோடு பேசி அமைக்கலாம். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லி, ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு மேசைக்கும் அனுப்பலாம். அரவணைப்பு என்ற சொல் இரண்டாவதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, என் முன்மொழிவு: உளப்பாடு.

புதிதாகக் கட்டிய சொல் அல்ல. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே. இந்த ‘நாம்’ வகையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணத்தில் படித்திருப்போம். தொல்காப்பிய நூற்பாக்களில் ‘உட்பட’ என்ற பொருளில் ‘உளப்பட’ அடிக்கடி வரும். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். நம் மொழியில் இந்த வேறுபாடு பேச்சிலேயே இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வெளியே ஏன் தேட வேண்டும்?

துறைக்குள் வைத்துப் பார்த்தேன். பெண்கள் இங்கே புதியவர்கள் அல்லர். முதல் உலகப் போரின்போதே மேரி கியூரி சுமார் 150 பெண்களுக்கு எக்ஸ்ரே கருவியை இயக்கப் பயிற்சி கொடுத்தார். ஆள் இருக்கிறார், கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கியும் கொடுத்தாயிற்று. ஆனால் கைத்துளை அகன்ற அங்கி சிறிய உடம்பில் தளர்ந்து நிற்கும். கையைத் தூக்கினால் அக்குளை ஒட்டிய மார்பகப் பகுதி கதிருக்குத் திறந்துவிடும். மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அறையையும், உடம்பில் வைத்து நகர்த்தும் கருவியான ப்ரோபை வலக்கையில் பிடிப்பவருக்கென்றே அமைப்பது வழக்கம். இடக்கைக்காரர் உடம்பை முறுக்கிப் பழகிக்கொள்கிறார். இரண்டு இடத்திலும் பல்வகைமை உண்டு, உளப்பாடு இல்லை. அங்கியை வாங்கியபோது, அறையை வரைந்தபோது மனத்தில் இருந்தது ‘நாங்கள்’.

வினையாகவும் வளைகிறது: உளப்படுத்து, உளப்படுத்தும் கொள்கை. எதிர்ச்சொல்லுக்கு ‘விலக்கல்’ போதும். ‘உளப்படாமை’ வாயில் நுழையாது.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘உளவியல்’ பழகிய காதுக்கு இது மனம் சார்ந்த ஏதோ ஒன்றாகப் படும். ஆனால் ‘பணியிட உளப்பாடு’ என்று அடைமொழியோடு நாலு முறை எழுதினால் அந்த மயக்கம் தீரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பட்டியலின் தலைப்பில் ‘கதிரியலாளர்’ என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். எம்.ஆர்.ஐ.யிலும் மீயொலியிலும் எக்ஸ் கதிரே கிடையாது. உளப்பாடு பற்றிய பட்டியல், அவற்றை இயக்குபவர்களைத் தலைப்பிலேயே வெளியே நிறுத்துகிறது! ‘படிமத்துறைப் பணியாளர்’ என்றால் மருத்துவர், தொழில்நுட்பர், இயற்பியலாளர் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

‘படிமம்’ கவிதைக்காரர்களின் சொல் என்று போன மடலில் சண்டைக்கு வந்தவர், வேறு சொல் இருந்தால் தரட்டும்.