புதுப்பிப்பு: பெர்ஃப் காட்டும் கேச் எண்ணிக்கை ஏன் நிலையாக இல்லை?

ஒரு பெரிய அணியைக் கிடைவரிசையாகக் கூட்டும் சி நிரலைவிட நெடுவரிசையாகக் கூட்டும் நிரல் ஏன் பல மடங்கு மெதுவாக ஓடுகிறது என்றும், லினக்ஸில் நிரல்களின் செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவி காட்டும் கேச் தவறல் எண்ணிக்கை (செயலியின் வேக நினைவகமான கேச்சில் தேடிய தரவு இல்லாமற்போன தடவைகள்) ஏன் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது என்றும் முன்பு கேட்டிருந்தேன். முதலாவதற்கு விடை எளிது: சி மொழி அணியைக் கிடைவரிசைகளாக அடுக்குகிறது; கேச்சுக்கு ஒரே தடவையில் வரும் துண்டான 64 பைட் கேச் வரியில் இரட்டைத் துல்லிய எண்கள் எட்டு அடங்கும், நெடுவரிசையில் சென்றால் அவற்றுள் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறோம்.

இரண்டாவதே சுவையானது. ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கருவில் இரு இழைகளை ஓட்டும் வசதி) இயங்கும் பல இன்டெல் செயலிகளில் ஒவ்வோர் இழைக்கும் கேச் தவறல் போன்ற நிகழ்வுகளை எண்ணும் பொதுக் கவுன்டர்கள் நான்கே உண்டு என்பதால், அதற்கு மேற்பட்ட நிகழ்வுகளைக் கேட்கும்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் அவற்றை முறைவைத்து அளக்கிறது; அளந்த நேரத்தின் விகிதத்தைக் கொண்டு பெர்ஃப் மொத்தத்தை மதிப்பிடுகிறது. வெளியீட்டின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் சதவீதம் அந்த விகிதமே; இவ்வளவு முக்கியமான தகவலை இத்தனை அடக்கமாக அச்சிட்டிருக்க வேண்டியதில்லை. குறுகிய நேரம் ஓடும் நிரலில் இம்மதிப்பீடு பெரிதும் ஆட்டம் காணும். போதாக்குறைக்கு, கணினி உறைந்துவிட்டதா எனக் கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் இயங்கினால் அதுவும் ஒரு கவுன்டரைப் பிடித்துக்கொள்ளும். அதை நிறுத்திவிட்டு, நிகழ்வுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனி ஓட்டங்களில் அளந்தபோது, சதவீதக் குறிப்பு மறைந்து எண்களும் நிலைபெற்றன.