மட்டிக்கு மஞ்சள் போட்டு அலசினால் போதாதா?

தொண்டிக்காரன்:
ஞாயிறு காலை சந்தையில் ஒரு கூறு மட்டிச் சிப்பி வாங்கினேன். நனைந்த சாக்கில் குவித்து வைத்து, விற்ற அம்மா அவ்வப்போது வாளித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார், பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வீட்டில் மஞ்சளும் கல் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசி, ரப்பர் மாதிரி ஆகிவிடுமே என்று ஓடு திறந்த உடனே இறக்கிவிட்டோம். மறுநாள் எனக்கும் தம்பிக்கும் வயிற்றைப் பிடித்து இழுத்துத் தண்ணீராகப் போனது. எங்கள் அம்மா மட்டி தொடவில்லை, அவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எங்கே தப்பு?

மண்டபம் மருமகள்:
தம்பி, அந்த வாளித் தண்ணீர் எங்கே மொண்டது? வாய் பிளந்த மட்டியை விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, சும்மா கிடந்தால் தள்ளிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நான் வாங்கவே மாட்டேன்.

நுண்ணுயிரியல் படித்தவன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் உயிரோடு இருப்பதெல்லாம் சுத்தம் என்று ஆகாது. மட்டி கடல்நீரை வடிகட்டித்தான் இரை எடுக்கிறது, கிருமி உள்ளே குடலில் சேர்ந்துவிடும், மஞ்சள் ஓட்டின் வெளிப்பக்கத்தைத்தான் கழுவும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று ஒரு கிருமி, 1950இல் ஜப்பானில் கண்டுபிடித்தது, சாக்கடை கலக்காத வெதுவெதுப்பான கடலிலும் இருக்கும். அதற்கு உப்பு என்றால் கொண்டாட்டம், நீங்கள் கல் உப்பு வேறு போட்டிருக்கிறீர்கள்! தோதான சூட்டில் பத்து நிமிடத்தில் இரட்டிக்கும், அதனால்தான் ஐஸ் இல்லாத சாக்கு ஆபத்து. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வயிறு போகும், உங்கள் கதையும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் மலப் பரிசோதனை இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கட்டும். ரப்பர் ஆனால் ஆகட்டும்.

பாம்பன் வலைக்காரன்:
கொதித்தாலும் போகாத விஷமும் உண்டு. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி தின்று 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மூன்று பேர் இறந்தார்கள், அது பாசி விஷம். உதடு மரத்துப்போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நம் பக்கம் பூங்கோரை வந்து கடல் பச்சையாவது வேறு பாசிதான், இருந்தாலும் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மட்டி கிடையாது.

தொண்டிக்காரன்:
இன்று போய்க் கேட்டேன் அக்கா. படகுகள் நிற்கும் இடத்தில்தான் மொள்கிறாராம். “எல்லாம் கடல் தண்ணிதானே தம்பி” என்றார்.