மெயின் ட்ரெயினில் குமிழியே வரவில்லை: குளிர்காலத்துக்குப் பூல் மூடுவதில் உதவி தேவை

மார்க்கம்வாசி
வணக்கம். இடம் மார்க்கம், ஒன்ராறியோ. 16க்கு 32 அடி, வினைல் லைனர், ஆழப் பக்கம் 8 அடி, ஏறக்குறைய 72,000 லிட்டர். சாண்ட் ஃபில்டர், கேஸ் ஹீட்டர், உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் சால்ட் செல் உண்டு. மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் ஒன்று, தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் வாய் மூன்று, அடியில் மெயின் ட்ரெயின் (அடி வடிகால்). இந்த முறை ஆள் பிடிக்காமல் நானே மூடுகிறேன். தண்ணீர் 13 டிகிரி. மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்கு 4 அங்குலம் கீழே இறக்கிவிட்டு, குழாய் லைன்களில் நிற்கும் தண்ணீர் உறையாதிருக்க ஷாப் வேக்கால் (காற்று ஊதவும் செய்யும் வேக்யூம்) ஊதினேன்.

ஸ்கிம்மர் லைன் காலி. ரிட்டர்ன்களில் படிக்கட்டுப் பக்கம் உள்ளது மட்டும் கொப்பளிக்கிறது, மற்ற இரண்டும் அசையவில்லை. மெயின் ட்ரெயினுக்கு 10 நிமிடம் ஊதியும் ஒரு குமிழி இல்லை. லைன் அடைத்திருக்கிறதா? 6 கேலன் பேன்கேக் கம்ப்ரசர் இருக்கிறது, 90 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வைத்து அடிக்கலாமா?

குழாய்ப்பித்தன்
90 வேண்டாம் தம்பி, கம்ப்ரசரில கை வைக்க முதல் இதை வாசியுங்கோ.

லைன் அடைபடேல்லை. கணக்குத்தான் இடிக்குது. தண்ணியில ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் 0.43 பிஎஸ்ஐ வேணும். இறக்கின பிறகு ஏழரை அடி எண்டு வைச்சால் 3.2 பிஎஸ்ஐக்கு மேல தள்ளினால்தான் அடியில குமிழி வரும். சாதாரண ஷாப் வேக் 5, 6 அடித் தண்ணியைத் தள்ளினாலே பெரிய காரியம். நாள் முழுக்க ஊதினாலும் காத்து பாதி வழியில நிக்கும்.

கம்ப்ரசர் சரி, ஆனால் ரெகுலேட்டரை 10 பிஎஸ்ஐக்கு இறக்குங்கோ. அதுவே தேவைக்கு மூண்டு மடங்கு. பம்புக்கு முன்னால யூனியன் (கழட்டிப் பூட்டுற இணைப்பு) இருந்தால் கழட்டி, உறிஞ்சு குழாயில நேரா அடாப்டர் போட்டு ஊதுறது நல்லம், பம்ப் மூடிக்கு அழுத்தம் போகாது. ஸ்கிம்மர் வால்வை மூடி, மெயின் ட்ரெயின் மட்டும் திறந்திருக்க வேணும். 2 அங்குலக் குழாய் 40 அடி ஓடினாலும் உள்ளுக்க 26 லிட்டர் தண்ணிதான். சின்னக் கம்ப்ரசரும் இரண்டொரு நிமிசத்தில தள்ளிப்போடும். அடியில குமிழி வந்து அரை நிமிசம் போனதும், காத்து ஓடிக்கொண்டிருக்கேக்கையே வால்வை மூடுங்கோ. முதல் கம்ப்ரசரை நிப்பாட்டினால் தண்ணி திரும்ப ஏறிவிடும்.

ரிட்டர்ன் வேற விசயம். காத்துக்குச் சுகமான வழி ஒண்டு கிடைச்சால் மற்றப் பக்கம் போகாது. கொப்பளிக்கிற வாயில ஐபோலை (திருப்பக்கூடிய உருண்டை மூக்கு) கழட்டி, காத்து ஓட ஓட ஓ ரிங் உள்ள விண்டர் பிளக்கைப் போட்டு இறுக்குங்கோ. உடனே அடுத்தது கொப்பளிக்கும். கடைசி வாய் ஒரு நிமிசமாவது ஊதட்டும்.

வால்வு
மேலே சொன்னதோடு ஒன்று. ரிட்டர்ன் ஊதும்போது மல்டிபோர்ட் (ஃபில்டரின் பலவழி வால்வு) ரீசர்குலேட் நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று மணல் தொட்டிக்குள் போகாமல் நேராக ஹீட்டர், செல் வழியே ரிட்டர்னுக்குப் போகும். ஃபில்டர் தொட்டியில் அழுத்தக் காற்றை அடைக்கவே கூடாது. தண்ணீர் சுருங்காது, காற்று ஸ்பிரிங் மாதிரி. கிளாம்ப் விட்டால் மூடி பறக்கும்.

எல்லா வேலையிலும் விலை கூடிய தவறு ஹீட்டரில்தான் நடக்கும். ஊதினால் மட்டும் போதாது. ஹீட்டரின் வடிகால் பிளக்குகள் அத்தனையையும் கழற்றி, பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய குழாயையும் வடித்துவிடுங்கள். வெப்பமாற்றியில் ஒரு கோப்பைத் தண்ணீர் தங்கினாலும் தாமிரக் குழாய் வெடிக்கும். பனிக்கட்டி தண்ணீரைவிட 9 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். கேஸ், பிரேக்கர் இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

சாண்ட் ஃபில்டர் அடிப் பிளக்கைத் திறந்து இரவு முழுக்க வடிய விடுங்கள். மல்டிபோர்ட் கைப்பிடியை இரண்டு நிலைக்கு நடுவே அழுத்தி நிறுத்தினால் கேஸ்கெட் நசுங்காது, உள்ளே நீரும் சிறைப்படாது. பம்பில் பெரும்பாலும் இரண்டு பிளக் இருக்கும், பலர் ஒன்றோடு விட்டுவிடுகிறார்கள். கழற்றிய பிளக், பிரஷர் கேஜ் எல்லாவற்றையும் பம்ப் கூடைக்குள் போட்டு வையுங்கள், மே மாதம் தேட வேண்டாம். சால்ட் செல் வீட்டுக்குள்.

ஸ்கிம்மரில் கிஸ்மோவை (உள்ளே வெற்றான பிளாஸ்டிக் குழாய்) டெஃப்லான் டேப் சுற்றித் திருகுங்கள். ஸ்கிம்மருக்குள் உறையும் பனி அதைத்தான் நசுக்கும், பிளாஸ்டிக் சுவரை அல்ல.

மார்க்கம்வாசி
நன்றி அண்ணை. 10 பிஎஸ்ஐயில் ஒன்றரை நிமிடத்தில் மெயின் ட்ரெயின் கொப்பளித்தது! வால்வை மூடினேன். ஒரு மணி நேரம் கழித்துச் சந்தேகத்தில் திறந்து பார்த்தால், காற்று சீறிவிட்டு உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம். வால்வு பழுதா?

குழாய்ப்பித்தன்
வால்வு பிழையில்லை, நீங்கள் திறந்ததுதான் பிழை. உள்ள இருக்கிற காத்துதான் தண்ணியைக் கீழ அமுக்கி வைச்சிருக்கு. திறந்தால் அது போயிடும், தண்ணி பூல் மட்டத்துக்கு ஏறும். சீறினது எண்டால் வால்வு அதுவரை காத்தைப் பிடிச்சிருக்கு எண்டுதான் அர்த்தம். திரும்ப ஊதி மூடி, வால்வுக் கைப்பிடியை டேப்பால சுத்திக் கட்டிப்போடுங்கோ.

பயப்பட வேண்டியது குழாயின்ர மேல் நாலடிதான். எங்கட பக்கம் குளிர் மண்ணுக்குள்ள ஏறக்குறைய 1.2 மீற்றர் வரைக்கும் இறங்கும். அதுக்குக் கீழ தண்ணி நிண்டாலும் உறையாது.

வால்வில நம்பிக்கை இல்லாட்டில் குழாய் வாயில ரப்பர் பிளக்கும் போடுங்கோ. பிங்க் ஆன்டிஃப்ரீஸ் ஊத்துறதெண்டால் காலியான குழாயிலதான். தண்ணி நிக்கிற குழாயில ஊத்தினால் கலந்து, போத்தலில போட்டிருக்கிற −50 எல்லாம் வெறும் எழுத்து. காருக்குப் போடுறது நஞ்சு, கிட்டவும் கொண்டு போகாதேங்கோ.

தெளிநீர்
யாருமே கேட்கவில்லை: இரசாயனம் போட்டாயிற்றா?

மார்க்கம்வாசி
இல்லை. கடைசியில் போடலாம் என்று நினைத்தேன். பிஎச் 7.4, குளோரின் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

தெளிநீர்
மட்டம் இறக்குவதற்கு முன்பே போட்டு, பம்பை ஒரு நாள் ஓட விட்டிருக்க வேண்டும். இப்போது கையால் கலக்க வேண்டியதுதான். 12 சதவீதத் திரவ குளோரின் 6 லிட்டர் உங்கள் பூலில் 10 பிபிஎம் ஏற்றும். சுற்றி நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நீளக் கம்புப் பிரஷால் அடிவரை கலக்குங்கள். தூள் குளோரின் வேண்டாம், அடியில் படிந்த இடத்தில் லைனர் வெளுத்துவிடும். மிதவையில் டேப்லெட் போட்டுவிடுவதும் அதே கதை. குளிர்காலத்தில் அது ஒரே இடத்தில் ஒட்டி நிற்கும்.

பாலிகுவாட் 60 பாசிக்கொல்லியை அதே நாளில் ஊற்றாதீர்கள், அதிக குளோரின் அதைச் சிதைத்துவிடும். குளோரின் 3க்கு இறங்கியதும், லேபிளில் உள்ள அளவு. உங்கள் கவர் மெஷ்ஷா (தண்ணீர் இறங்கும் வலை), தார்ப்பாயா?

மார்க்கம்வாசி
மெஷ் சேஃப்டி கவர்.

தெளிநீர்
அப்படியானால் மழையும் பனி உருகலும் உள்ளே இறங்கி மட்டம் ஏறும். ஸ்கிம்மர் வாயைத் தொட்டால் சப்மெர்சிபிள் பம்பால் இறக்குங்கள், ஆனால் முன்யோசனை என்று இப்போதே இன்னும் இறக்க வேண்டாம். தண்ணீரின் பாரம் குறைந்தால் நிலத்தடி நீர் லைனரைத் தூக்கிவிடும், கவரைத் தாங்கவும் அடியில் ஒன்றும் இருக்காது. வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இருக்கிறது; தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, எங்கே விடலாம் என்று நகரசபையின் விதியை முதலில் பாருங்கள்.