கொள்கையா, ஜெயிக்கிற ஆளா? பிரைமரியில் எதைப் பார்த்து வாக்குப் போடுகிறீர்கள்?

பீச்ட்ரீ தமிழன்:

வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறேன். போன வருஷம்தான் குடியுரிமை கைக்கு வந்தது, அதனால் அதிபர் தேர்தலில் என் முதல் வாக்கு 2028-ல்தான். இப்போதே என்ன அவசரம் என்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

நான் ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தவன். பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், கடன் வாங்கிச் செலவழிக்கக் கூடாது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதில் வாஷிங்டன் தலையிடக் கூடாது, அவ்வளவுதான். ஜார்ஜியாவில் கட்சிப் பதிவு கிடையாது, பிரைமரி (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) அன்று பூத்தில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்பார்களாம், சொன்னால் கொடுத்துவிடுவார்களாம். சரி, சீட்டை வாங்கின பிறகு? நான் நினைப்பதை அப்படியே பேசுகிறவருக்குப் போடுவதா, கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் நவம்பரில் ஜெயித்துவிடுவார் என்று தோன்றுகிறவருக்குப் போடுவதா?

ஒரு நண்பர், "தோற்றுப் போனவனுடைய கொள்கையை வைத்து ஊறுகாய்கூடப் போட முடியாது" என்றார். இன்னொருவர் விடவில்லை. "ஜெயிப்பார் ஜெயிப்பார் என்று சொல்லித்தானே 2008-ல் மக்கெய்னையும் 2012-ல் ராம்னியையும் நிறுத்தினீர்கள், என்ன ஆச்சு?" என்றார். எனக்கு இரண்டும் சரி என்றே பட்டது. ரசம் ஆறிப்போனதுதான் மிச்சம். பல வருஷமாக இங்கே வாக்குப் போடுகிறவர்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?


பழைய பேப்பர்:

தம்பி, நான் 1979-ல் ஒஹையோவுக்குப் படிக்க வந்தவன். அப்போது வாக்கும் கிடையாது, குளிருக்குச் சரியான ஸ்வெட்டரும் கிடையாது, ஆனால் ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் ஒரு டிவி இருந்தது, 1980 பிரைமரி முழுவதையும் அதில்தான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பையன்கள், அதிலும் ரிபப்ளிகன் வீட்டுப் பையன்களே, ரேகன் வந்தால் கட்சி காலி என்றார்கள். 69 வயது, சினிமாக்காரர், ரொம்ப வலது, 64 மறுபடி நடக்கும் என்பார்கள்.

64 என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது, நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன் (என் பெயர்க் காரணம் இதுதான்). 1964-ல் பாரி கோல்ட்வாட்டரை நிறுத்தினார்கள். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனிதர். சுதந்திரத்தைக் காக்கத் தீவிரமாக இருப்பது குற்றமே இல்லை என்று சான் பிரான்சிஸ்கோ மாநாட்டு மேடையிலேயே சொன்னார். கிடைத்தது ஆறே மாநிலம், 52 எலக்டோரல் வாக்கு (மாநிலவாரியாகக் கிடைப்பது, அதிபரைத் தீர்மானிப்பது அதுதான்). டெமாக்ரட் ஜான்சனுக்கு 486. அந்த ஆறில் சொந்த ஊர் அரிசோனாவைத் தள்ளிவிட்டால் மீதி ஐந்தும் தெற்கு மாநிலங்கள், உன் ஜார்ஜியாவும் அதில் உண்டு. அங்கே அவருக்கு விழுந்ததற்குச் சிவில் உரிமைச் சட்டத்தை அவர் எதிர்த்து வாக்களித்ததுதான் பெரிய காரணம், சின்ன அரசாங்கம் என்ற பேச்சு இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1976-ல் கட்சி பத்திரமான ஆளைப் பிடித்தது. மாநாட்டில், அப்போது அதிபராக இருந்த ஃபோர்டுக்கு 1,187 பிரதிநிதிகள், ரேகனுக்கு 1,070. பத்திரமான ஃபோர்டு டெமாக்ரட் கார்ட்டரிடம் தோற்றார். நான்கே வருஷம், தேறவே மாட்டார் என்ற அந்த ரேகன் 44 மாநிலம், 489 வாக்கு. கீழ்த்தளத்து டிவி முன்னால் அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தாயா, கொள்கைதான் ஜெயிக்கும்' என்று போய்ச் சண்டை போடாதே. கோல்ட்வாட்டரும் ரேகனும் பேசின சங்கதி கிட்டத்தட்ட ஒன்றுதான். 64-ல் கோல்ட்வாட்டருக்காக டிவியில் பேசித்தான் ரேகனே அரசியலில் பெயர் வாங்கினார். நடுவில் நாடு மாறிவிட்டது. 80-ல் மளிகைக் கடையில் விலைச் சீட்டின்மேல் இன்னொரு விலைச் சீட்டு ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் போன மாத விலை தெரியும். தெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகள். ஆள் பேசின விதமும் வேறு. முன்னவர் மேடையில் தீவிரத்துக்கு வக்காலத்து வாங்கினார். பின்னவர் விவாதத்தில் காமிராவைப் பார்த்து, நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார்.


சும்மா பார்வையாளர்:

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நான் டெமாக்ரட், எங்கள் பக்கமும் இதே பஞ்சாயத்துதான், 2020-ல் சாண்டர்ஸா பைடனா என்று என் மனைவியும் நானும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடத்துங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.


வரிக்கணக்கு:

ஐயா சொன்னதில் கடைசிப் பாராவைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். பீச்ட்ரீ, நீங்கள் கொள்கையை ஒரு தட்டிலும் வெற்றியை ஒரு தட்டிலும் வைத்துத் தராசு பிடிக்கிறீர்கள். நம்ம ஜார்ஜியாவில் 2022-ல் நடந்ததை ஒரு தடவை பாருங்கள், அந்தத் தராசே தப்பு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரே நாள், ஒரே சீட்டு. மேலே செனட்டுக்கு ஹெர்ஷல் வாக்கர், அதற்குக் கீழே கவர்னருக்கு பிரையன் கெம்ப், இரண்டு பேரும் ரிபப்ளிகன். கெம்ப் ஒன்றும் நடுவாந்தரமான ஆள் கிடையாது. 2019-ல் ஆறு வாரக் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அது அமலுக்கு வந்ததும் அதே 2022 கோடையில். அதுபோக, 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்ற மறுத்தார் என்று டிரம்ப் அவர்மேல் கோபப்பட்டு, பிரைமரியில் டேவிட் பெர்டியூவை எதிரே நிறுத்தினார். அதையும் கெம்ப் ஊதித் தள்ளினார், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வாக்கு அவருக்குத்தான். நவம்பரில் ஏழு சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வாக்கர் இந்த மாநிலத்தின் அமெரிக்கக் கால்பந்துக் கடவுள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு ஆடின காலத்தில் கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1982-ல் வாங்கியவர். பேச்சில் கெம்ப்பைவிட ஒரு படி மேலேயே வலதுசாரி. ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கை பற்றி வாரத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது, சிலவற்றை அவர் மறுத்தார், சிலவற்றை ஒப்புக்கொண்டார். நவம்பரில் கெம்ப்பைவிட அவருக்குச் சுமார் இரண்டு லட்சம் வாக்கு குறைவு. டிசம்பர் 6 ரன்ஆஃபில், அதாவது இரண்டாம் சுற்றில், கிட்டத்தட்ட ஒரு லட்சம் வாக்கில் டெமாக்ரட் வார்னாக்கிடம் தோற்றார்.

அந்த இரண்டு லட்சத்தில் நான் ஒருத்தி. தொடுதிரையில் முதலில் வருவதே செனட்தான். பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கு விரல் போகவில்லை. எதிர்க்கட்சிக்குப் போடவும் மனது வரவில்லை. அப்படியே தாண்டிப் போய்க் கெம்ப்பைத் தொட்டேன். இயந்திரம் விடுமா, ஒரு இடத்தை விட்டுவிட்டீர்கள் என்று ஞாபகப்படுத்தியது. தெரியும்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அச்செடுத்தேன், தாளில் அந்த இடம் காலி என்றே வந்தது. அதைக் கொண்டுபோய் ஸ்கேனரில் போட்டேன்.

இரண்டு பேருக்குமே கருக்கலைப்பில் கடுமையான நிலைப்பாடு. நிலைப்பாடு கடுமையாக இருந்ததால் தோற்றார் என்றால் கெம்ப்பும் சேர்ந்து தோற்றிருக்க வேண்டும். கடுமையான சட்டத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையில் பெட்ரோல் வரியை நிறுத்தி வைத்து, கடைகளைச் சீக்கிரம் திறக்க விட்டேன் என்று அமைதியாகப் பேசிக்கொண்டு போனார் கெம்ப். இந்த ஆள் சாவியைத் தொலைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. வாக்கர் விஷயத்தில் தோன்றவில்லை.


டாலஸ் கரிசல்காரன்:

வரிக்கணக்கு அக்கா, நல்ல உதாரணம், ஆனால் அது மாநிலத் தேர்தல். அதிபர் என்று வந்தால் நீதிபதி நியமனம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே 'நம்பகமான, பதட்டப்படாத ஆள்' என்று பார்த்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். மூத்த புஷ்ஷைவிடப் பதட்டப்படாத ஆள் உண்டா? 1988 மாநாட்டில் புது வரி கிடையாது, என் உதட்டைப் பாருங்கள் என்றார். 1990-ல் வரியை ஏற்றினார். அதே வருஷம் அவர் நியமித்த நீதிபதி சூட்டர், 1992-ல், கருக்கலைப்பு உரிமை தந்த ரோ தீர்ப்பைக் காப்பாற்றிய ஐந்து பேரில் ஒருவர். சரி, கொள்கையை விட்டுக்கொடுத்ததற்கு வெற்றியாவது மிஞ்சியதா? 1992 நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற பியூகேனன் 37 சதவீதம் எடுத்து மூக்கை உடைத்தார், நவம்பரில் சுயேச்சை பெரோ 19 சதவீதம் கொண்டு போனார், கிளின்டன் உள்ளே வந்தார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கப் போய், சித்திரமும் கைக்கு வரவில்லை.

ராம்னியும் அப்படித்தான். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்ப்பதுதான் 2012-ல் எங்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம், அதைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள், 2006-ல் மாசசூசெட்ஸில் அதே மாதிரிச் சட்டம் போட்டவர்!

கன்சர்வேடிவ் எழுத்தாளர் வில்லியம் பக்லி 1967-ல் ஒரு விதி சொன்னார், ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிகம் வலதோ அவரை ஆதரிக்க வேண்டும் என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஜெயிக்கக்கூடியவர் யார் என்று எவன் சொல்வது? 2016 ஜனவரியில் அதே பக்லி ஆரம்பித்த நேஷனல் ரிவ்யூ பத்திரிகை, டிரம்ப் வேண்டாம் என்று ஒரு இதழே போட்டது, அவர் கன்சர்வேடிவே இல்லை என்று. மே மாதம் டிரம்ப் 11 நீதிபதிகள் பெயரைப் பட்டியலாக வெளியிட்டார், சுப்ரீம் கோர்ட்டுக்கு இந்த மாதிரி ஆட்களைத்தான் போடுவேன் என்று. அவர் வந்து நியமித்த மூன்று பேரும் சேர்ந்துதான் 2022 ஜூனில் ரோ தீர்ப்பைத் தூக்கினார்கள். கொள்கையே இல்லாதவர் என்று கொள்கைக்காரர்கள் ஒதுக்கின மனிதர், ஐம்பது வருஷம் அவர்களே கேட்டதைச் செய்து கொடுத்தார்.

அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து சொல்வீர்கள். பீச்ட்ரீ, உங்கள் பட்டியலில் கடன் இருக்கிறது. அவருடைய முதல் நான்கு வருஷத்தில் நாட்டுக் கடன் ஏழு டிரில்லியன் டாலருக்கு மேல் ஏறியது. இறக்குமதி வரி வேண்டாம் என்பது எங்கள் அப்பா காலத்து ரிபப்ளிகன் வேதம், அது போன இடம் தெரியவில்லை. கொள்கை கொள்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துப் பேசுகிறோம், வருகிற ஆள் அதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போகிறார். நீங்கள் முதலில் உங்கள் மூட்டையைப் பிரித்து எது போனாலும் பரவாயில்லை என்று பாருங்கள், அப்புறம் விட முடியாத அந்த விஷயத்தில் மட்டும் ஆள் எழுத்தில் என்ன கொடுக்கிறார் என்று பாருங்கள். அவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நாம் தோண்ட வேண்டாம்.


பீச்ட்ரீ தமிழன்:

எல்லோருக்கும் நன்றி. கடன் போனால் பரவாயில்லையா என்று யோசித்தேன், போக மனசில்லை, ஆனால் அதை எழுத்தில் கொடுத்துக் காப்பாற்றின ஒருவர் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு பெரியவர், "விவேக் ராமசாமி மறுபடி நின்றால் பேசாமல் அவருக்குப் போடு, பாலக்காட்டுக் குடும்பம், வீட்டில் தமிழ்" என்றார். இது கொள்கையில் சேர்த்தியா, வெற்றியில் சேர்த்தியா?


வரிக்கணக்கு:

இரண்டிலும் இல்லை, அது சொந்தத்தில் சேர்த்தி :) அவர் 2024-ல் முதலில் வாக்களிக்கும் அயோவாவில் நாலாவதாக வந்தார், அன்றிரவே விலகிவிட்டார். பெரியவரோ நீங்களோ போட நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. நிஜமான சிக்கல் அதுதான், யாரும் இன்னும் சொல்லவில்லை. நம் முறை வருவதற்குள் கடை மூடிவிடுகிறார்கள்.

2024 பிரைமரியில் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு நான் போட்டேன். நீங்கள் சொல்கிற அதே கணக்குத்தான், கருத்துக்கணிப்பில் பைடனை டிரம்ப்பைவிட அவர் சுலபமாகத் தோற்கடிப்பார் என்று வந்துகொண்டிருந்தது. பிப்ரவரி கடைசியில் முன்கூட்டி வாக்களிக்கப் போனேன், நூலகத்தில் கூட்டமே இல்லை. மார்ச் 6 அவர் விலகிவிட்டார். ஜார்ஜியா பிரைமரி மார்ச் 12. விலகின பிறகும் அவர் பெயர் சீட்டில் இருந்தது, என்னைப் போல முந்திக்கொண்டவர்களையும் சேர்த்து 13 சதவீதம் விழுந்தது. அன்று ராத்திரியே டிரம்ப்புக்கு வேண்டிய பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள். சரி, ஜூலையில் பைடனும் விலகிவிட்டார், யாரை எதிர்த்து யார் ஜெயிப்பார் என்று நான் போட்ட கணக்கில் எதிரே இருந்த ஆளே இல்லை! நவம்பரில் டிரம்ப்புக்கு 312 எலக்டோரல் வாக்கு.

அதனால் 2028-ல் எதைப் பார்த்துப் போட்டாலும் சரி, கடைசி நாள்வரை பொறுத்துப் போடுங்கள்.


பீச்ட்ரீ தமிழன்:

சரி அக்கா. வாக்குப் போட்டவர்களுக்குத் தரும் அந்தப் பீச் பழ ஸ்டிக்கராவது நிச்சயம் தருவார்கள்தானே?


வரிக்கணக்கு:

தருவார்கள். என் ஹேலி ஸ்டிக்கர் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, ஓரம் பிய்ந்து.